பாதிப் பணம் ஒரே ஆளுக்கா? – தமிழ் தலைவாஸும் எங்க ஊர் டீமும்

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் தலைவாஸ் ரசிகன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

2017ல் புரோ கபடி லீக்கின் ஐந்தாவது சீசனில் நம்ம அணி வந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். சச்சின் டெண்டுல்கர் இணை உரிமையாளர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர், கேப்டன் அஜய் தாக்கூர். அரூர் பக்கத்தில் இருக்கும் எங்க ஊரில் கபடி தெரியாத வீடே கிடையாது. அதனால் பக்கத்து வீட்டு மாமா டிவிக்கு முன்னால் தினமும் இருபது பேர் உட்கார்ந்திருப்போம். கோப்பை நமக்குத்தான் என்று நினைத்தோம். கிடைத்தது பிரிவில் கடைசி இடம். 2018லும் அதே. 2019ல் ராகுல் சவுத்ரி, மோஹித் சில்லர் என்று பெரிய தலைகளைச் சேர்த்தார்கள், பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்!

இப்போது பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது கூட மனசு இந்தக் கணக்குக்குத்தான் போகிறது. அஜய் தாக்கூர் முதல் இரண்டு சீசனிலும் 200க்கு மேல் ரைடு புள்ளி எடுத்தார். அது லேசான விஷயம் இல்லை. அப்படி ஒரு ஆள் இருந்தும் அணி ஏன் அடியில் கிடந்தது?

கபடியின் அமைப்பைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் நின்று சதம் அடித்தால் அன்றைய மேட்ச் கையில் இருக்கும். கபடியில் அப்படி இல்லை. பாடிப் போகிற ஆள் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் திரும்ப உள்ளே வர, அவர் அணி யாரையாவது அவுட் ஆக்க வேண்டும். அவர்தான் முக்கிய ரைடர் என்றால், அவர் உட்கார்ந்திருக்கிற அந்த ஐந்து நிமிஷம் யார் பாடிப் போவது? தொடர்ந்து இரண்டு ரைடு வெறும் கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட். ஆக நட்சத்திர ரைடரைத் திரும்ப ஆட்டத்துக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் பின்னால் நிற்கிற கார்னரும் கவரும்தான். கேமரா அவர்களைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 2022ல் நடந்த ஒன்பதாவது சீசனுக்கு ஒரு அணி ஆட்களுக்காகச் செலவு செய்யலாம் என்று இருந்த உச்சவரம்பு 4.40 கோடி. அதில் தலைவாஸ் பவன் ஷெராவத் ஒருவருக்கு மட்டும் 2.26 கோடி கொடுத்தது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று! முதல் போட்டியிலேயே அவருக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் தலைவாஸ் முதல் முறையாக ப்ளே ஆஃப் போனது அந்த வருடம்தான். எலிமினேட்டரில் யு.பி. யோதாஸுடன் சமமாகி, டை பிரேக்கரில் ஜெயித்து அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளியில் தோல்வி.

எப்படி நடந்தது? அதற்கு முந்தைய சீசனில் 11வது இடம்தான். ஆனால் அப்போதே பின்னால் ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வலது கார்னர் சாகர், இடது கார்னர் சாஹில் குலியா, கவரில் மோஹித், அபிஷேக். எல்லாம் சின்னப் பசங்கள். ஒன்றாகவே ஆடி, ஒருவர் கை எப்போது நீளும் என்று இன்னொருவருக்குத் தெரிந்தவர்கள். பவன் விழுந்ததும் நரேந்தர் என்ற புதுமுகம் பாடிப் போனார். 243 ரைடு புள்ளி! அவர் பிடிபட்ட போதெல்லாம் பின்னால் இருந்தவர்கள் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இது தற்செயலாக இருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த சீசனைப் பாருங்கள். உச்சவரம்பு 5 கோடி ஆனது. பவனை தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. அதுவும் பாதிக்கு மேல். அவர் குறை வைக்கவில்லை, 200 ரைடு புள்ளியைத் தாண்டினார். ஆனால் அணி 22 போட்டியில் ஜெயித்தது இரண்டே இரண்டு, கடைசி இடம். அதே போல பர்தீப் நர்வால் போன பிறகு பாட்னா பைரேட்ஸ் காலி என்றார்கள். அவர் இல்லாமல் ஆடிய எட்டாவது சீசனில் அவர்கள் இறுதிப் போட்டி வரை போய், ஒரே ஒரு புள்ளியில்தான் டெல்லியிடம் தோற்றார்கள்.

அதற்காக நட்சத்திரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தாவது சீசனில் கோப்பை வென்ற புனேரி பல்டன், ஈரான் வீரர் முகமதுரேசா ஷாட்லூவுக்கு 2.35 கோடி கொடுத்தது. அடுத்த வருடம் அவரை 2.07 கோடிக்கு எடுத்த ஹரியானா ஸ்டீலர்ஸும் கோப்பை வென்றது. அப்படியானால் என் வாதம் தப்பா? இல்லை. புனே தன் இளைஞர் அணியில் பசங்களை வளர்த்து, ஷாட்லூ வருவதற்கு முந்தைய சீசனிலேயே இறுதிப் போட்டி வரை வந்துவிட்டது. வீட்டைக் கட்டி முடித்த பிறகு போட்ட கூரைதான் ஷாட்லூ. நாம் அஸ்திவாரம் தோண்டாமல் கூரையை வாங்கிவிட்டு அதை எங்கே வைப்பது என்று முழிக்கிறோம்.

தலைவாஸ் பாடம் படித்ததா? 2024ல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. ஒன்பதாவது இடம். 2025ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, கூடவே திரும்ப பவன் ஷெராவத், இந்த முறை 59.50 லட்சத்துக்கு. பவன் சீசன் பாதியிலேயே அணியில் இல்லை. முதல் எட்டு இடத்துக்குள்ளும் வரவில்லை.

இவ்வளவு நேரம் அடுத்தவர்களைக் குறை சொன்னேன். இனி என் கதை.

எங்க ஊர் டீமுக்கு நான்தான் கணக்குப்பிள்ளை. ஆட மாட்டேன், நோட்டு எழுதுவேன். இரண்டு வருடம் முன்னால் பொங்கல் டோர்னமெண்டுக்கு 18,000 ரூபாய் வசூல் ஆனது. வெளியூர் ரைடர் ஒருவரைக் கூட்டி வரலாம் என்று பேச்சு வந்தது. நான் நோட்டில் அவர் ஆடிய மேட்ச்களின் புள்ளியை எல்லாம் எழுதிக் கூட்டி வகுத்து, "இவர் வந்தா ஃபைனல் உறுதிண்ணா" என்று சொன்னேன். படித்த பையன் சொல்கிறான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார். கூட அவருடைய நண்பரும் வருவார், அவர் இடது கார்னரில் ஆடுவார். இரண்டு பேருக்கும் சேர்த்து 9,000. சரியாகப் பாதி.

எங்க இடது கார்னர் என்னோடு பத்தாவது வரை படித்தவன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. இந்தப் போட்டிக்காக ஷிஃப்ட் மாற்றி, சம்பளத்தில் பிடித்தாலும் பரவாயில்லை என்று நான்கு நாள் லீவு போட்டு வந்திருந்தான். நான்தான் போய்ச் சொன்னேன். "சரிடா" என்றான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க ஜெர்சி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று கத்தினான்.

வந்த ரைடர் நன்றாகத்தான் ஆடினார். ஆனால் இரண்டாவது ரவுண்டில் அவர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்தபோது அவரை உள்ளே கொண்டுவர ஆள் இல்லை. எங்க கவர் பழக்கதோஷத்தில் கை நீட்டுகிறான், புது கார்னர் அந்தக் கையைப் பிடிக்காமல் தனியாகக் காலுக்குப் பாய்கிறார். செயின் அறுந்தது. ஒரே ரைடில் மூன்று பேர் அவுட். கொஞ்ச நேரத்தில் ஆல் அவுட். பதினோரு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் எங்க வீட்டுத் திண்ணையில் ஏழாம் நம்பர் ஜெர்சி துவைத்து மடித்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு அவன் ஆட வரவில்லை.

கணக்குப் பாடத்தில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு என்று படிக்கிறோம். நாலு வருடம் ஒரே இடத்தில் நின்று, பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்க்காமலேயே பிடிக்கிற பழக்கமும் அப்படித்தான். என் நோட்டில் அதற்குக் காலம் போட்டிருக்கவில்லை. அதனால் அதன் மதிப்பு பூஜ்யம் என்று நினைத்துவிட்டேன். கோடிக்கணக்கில் ஏலம் எடுப்பவர்கள் செய்வதும், 18,000 ரூபாயில் நான் செய்ததும் ஒரே தப்புதான்.

இந்தப் பொங்கலுக்கு வசூல் ஆரம்பித்துவிட்டது. போன வாரம் மறுபடியும் யாரோ வெளியூர் ஆள் பேச்சை எடுத்தார்கள். இந்த முறை முதலில் பின்னால் நிற்கிறவர்களை முடிவு செய்வோம், மிச்சம் இருந்தால் ரைடரைப் பார்ப்போம் என்று சொன்னேன். அன்றைக்கு ராத்திரியே அவனுக்கு போன் போட்டு, அந்த வருடம் நான் போட்ட கணக்கு தப்பு என்று சொன்னேன். சொல்ல இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "லீவு கிடைச்சா பாக்கலாம் மச்சான்" என்றான்.

ஏழாம் நம்பர் ஜெர்சியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.