ஜாயிண்ட்டில் எரியும் 20 வாட்

ஒரு சாதனத்தின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்தத்தை, அதில் ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும், பெருக்கினால் மின்திறன். முதல் கணக்குக்கு அடிப்படை, ஜெர்மானிய ஆசிரியர் கெயோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி. கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை ஜேம்ஸ் ஜூல் 1840-களில் அளந்து காட்டினார். வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்ற நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம்.

மோட்டார் வைண்டிங் பட்டறைகளில் இந்தக் கணக்கு தினமும் புழங்குகிறது, ஹட் பேயிலும்தான். போர்ட் பிளேயருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், லிட்டில் அந்தமான் தீவில் இருக்கிறது ஹட் பே. இந்தியப் பெருநிலத்தின் மின்கட்டமைப்பிலிருந்து இங்கே கம்பி வருவதில்லை. டீசல் ஜெனரேட்டர்களை நம்பித்தான் தீவின் மின்சாரம் வளர்ந்தது. அந்த டீசலும் கப்பலில்தான் வரவேண்டும். செப்புக் கம்பியும் கன்டன்சரும் பேரிங்கும் அப்படியே. ஆகவே கெட்டுப்போன மோட்டாரைக் கழித்துக்கட்டுவதைவிட, பழுது எங்கே என்று அளந்து பார்ப்பதே இங்கே முதல் வேலை.

எளிய சாதனம் இஸ்திரிப் பெட்டி. 230 வோல்ட்டில் 1000 வாட் என்று எழுதியிருந்தால் அது இழுக்கும் கரண்ட் 4.35 ஆம்பியர், தடை 52.9 ஓம். அழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் தடை ஏறக்குறைய அப்படியே இருக்கும், கரண்ட் 3.4 ஆம்பியராகும், திறன் 612 வாட்தான். வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம், சூடு குறைந்ததோ 39 சதவீதம். மாலையில் லோ வோல்டேஜ் வந்தால் துணியில் சுருக்கம் போகாததற்கு இதுவே காரணம்.

மோட்டாரில் கணக்கு இவ்வளவு நேராகப் போகாது. ஒரு குதிரைத்திறன் பம்பு மோட்டாரின் ரன்னிங் காயிலை மீட்டரில் வைத்தால் 3 ஓம் காட்டலாம். 230-ஐ 3-ஆல் வகுத்தால் 77 ஆம்பியர் வருகிறது. ஆனால் ஓடும் மோட்டார் இழுப்பது ஆறேழு ஆம்பியர்தான். மாறுமின்சாரம் காயிலுக்குள் எழுப்பும் எதிரழுத்தம் மீதியைத் தடுத்துவிடுகிறது. அதேபோல 210 வோல்ட்டை 6.5 ஆம்பியரால் பெருக்கினால் வரும் 1365 முழுவதும் வாட் அல்ல. திறன் காரணி 0.8 என்றால் உள்ளே போகும் உண்மைத் திறன் 1092 வாட். அதில் 746 வாட் தண்டைச் சுழற்றும், மற்றது சூடாகும். அழுத்தம் குறைந்தால் இஸ்திரிப் பெட்டியைப் போல மோட்டார் அடங்கிப்போவதில்லை. அதே சுமையை இழுக்க அதிகக் கரண்டைக் கேட்கும். கரண்ட் 6.5-லிருந்து 8 ஆனால், 3 ஓம் செம்பில் பிறக்கும் சூடு 127 வாட்டிலிருந்து 192 வாட்டாக ஏறிவிடும். காயில் கருகிப்போய் பட்டறைக்கு வரும் மோட்டார்களில் பலவற்றின் கதை இது.

மல்டிமீட்டரின் ஓம் அளவையில் பிடிபடாத பழுதும் உண்டு. ஹட் பேயில் நான் நின்று பார்த்தது அப்படி ஒன்றை. காயில் நன்றாக இருந்தது, கன்டன்சரும் நன்றாக இருந்தது. பம்பு மட்டும் முனகிக்கொண்டே ஓடியது. வைண்டிங்காரர் மோட்டாரைத் தொடவில்லை. சுவரோரம் அலுமினிய சர்வீஸ் கம்பியும் செப்புக் கம்பியும் முறுக்கிச் சேர்த்திருந்த ஜாயிண்ட்டைத் திறக்கச் சொன்னார். டேப்பின் உட்புறம் உருகியிருந்தது. செம்பில் பச்சைக் களிம்பு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. இரு உலோகமும் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். கடற்காற்று வீசும் ஊரில் அது சீக்கிரமே நடக்கும்.

உதவியாள் பையன் மெயினை அணைத்துவிட்டு மீட்டரை ஓமில் திருப்பப் போனான். “வேண்டாம் தம்பி, கரண்ட் ஓடும்போதுதான் பாக்கணும். சும்மா இருக்கையில எல்லா ஜாயிண்ட்டும் நல்ல ஜாயிண்ட்தான்” என்றார் அவர்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. மீட்டர் கம்பிகளுக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். அரை ஓமை அதில் நம்பிச் சொல்ல முடியாது. தவிர, மீட்டர் அனுப்பும் சொற்பக் கரண்டில் ஜாயிண்ட் சூடாகாது. பம்பை ஓடவிட்டு, கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரின் வாயை ஒற்றைக் கம்பியில் மாட்டினார்கள். போகும் கம்பி, வரும் கம்பி இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் எதிரெதிர்க் கரண்ட் ஒன்றையொன்று அழித்து சுழியம் காட்டும். 6.4 ஆம்பியர் காட்டியது. ஜாயிண்ட்டின் இருபுறமும் மீட்டர் முனைகளை வைத்தபோது 3.2 வோல்ட். வகுத்தால் அரை ஓம். பெருக்கினால் 20 வாட்டுக்குச் சற்று மேல். சால்டரிங் அயர்ன் 25 வாட்டில் ஈயத்தை உருக்குகிறது. ஏறக்குறைய அவ்வளவு சூடு விரல்நுனி அளவு இடத்தில், மரச்சட்டத்தை ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. நல்ல கம்பியில் இது நடப்பதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, போகவர 100 மீட்டருக்கும் முக்கால் ஓம்தான்; அதில் பிறக்கும் 30 வாட் சூடு நூறு மீட்டருக்கும் பரவிவிடுவதால் கையில்கூடத் தெரியாது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அரித்த நுனிகளை வெட்டி, சுரண்டித் துடைத்து, செம்புக்கும் அலுமினியத்துக்குமான இருவுலோகக் கனெக்டரில் இறுக்கி, ஈரம் புகாமல் மூடினார்கள். மூடுவதற்கு முன் பம்பை ஓட்டி மறுபடி அளந்ததில் அதே இடத்தில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாக இருந்தது. முக்கால் வாட்கூட இல்லை.