ஆறு மாசமா கோவில் பக்கம் காணோமேன்னு கேட்டவங்களுக்கு

 

மாசி மகம் முடிஞ்சு கிளம்பினவ, ஆடி முடிஞ்சுதான் திரும்பி வந்திருக்கேன். மடப்பள்ளியில காய் நறுக்க உட்கார்ந்ததும் அக்காமார் கேட்ட முதல் கேள்வி, "நியூசிலாந்துல என்ன வேலை? சம்பளம் எவ்வளவு?" வேலை, இயற்கை விவசாயப் பண்ணையில களை பிடுங்குறது. சம்பளம் கிடையாது. இதைச் சொன்னதும் அவங்க முகம் போன போக்கைப் பார்த்துதான் விவரமா எழுத உட்கார்ந்தேன்.

இதுக்கு 'வூஃப்'னு பேரு. 1971-ல சூ கோப்பர்ட்னு லண்டன்ல செயலாளரா வேலை பார்த்த ஒரு பெண்மணி ஆரம்பிச்சது. பட்டணத்து ஆளுங்க சனி ஞாயிறு பண்ணைக்குப் போய் வேலை செய்யணும்னு தொடங்கினது, இப்போ பல நாடுகள்ல நடக்குது. அரை நாள் உழைப்பு, அதுக்குப் பதிலா சாப்பாடும் படுக்க இடமும். காசு கை மாறாது. ஆனா ஒண்ணு: காசு வாங்கலைன்னாலும் நியூசிலாந்து குடிநுழைவுத் துறை இதை வேலைன்னுதான் கணக்குல எடுக்கும். சுற்றுலா விசாவுல போய்ச் செய்யக்கூடாது. நம்ம மலேசியப் பிள்ளைங்களுக்கு 18 முதல் 30 வயசு வரைக்கும் 'வொர்க்கிங் ஹாலிடே' விசா இருக்கு. நான் போனது அதுலதான்.

எங்க பாட்டிக்குத்தான் தாங்கல. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் கேட்டாங்க: "விடியக்காலையில பெரட்டுக்கு நின்னதெல்லாம் எங்களோட போகட்டும்னுதானே உங்கப்பனப் படிக்க வெச்சேன்? டிகிரி முடிச்ச பொம்பளப் புள்ள, வெள்ளக்காரன் தோட்டத்துக்குக் களை புடுங்கப் போறியா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமத்தான் விமானம் ஏறினேன்.

பண்ணை இருந்தது வெலிங்டனுக்கு வடக்கே, ஓட்டாக்கி பக்கம். மருந்து அடிக்கிறதில்லை, அதனால களை எல்லாம் கையாலதான். முதல் வாரம் முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. பிறகு எருக்குவியல் வேலை. சாணி, வைக்கோல், கடல்பாசி, காய்கறிக் கழிவுன்னு அடுக்கடுக்கா போட்டு மூடணும். சில நாள்ல உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாயிடும். குளிர்காலக் காலையில அதைக் கிளறினா ஆவி பறக்கும். ஆடி வெள்ளியன்னைக்குப் புல் மேல உறைபனி. நம்ம ஊர்ல அம்மனுக்குக் கூழ் ஊத்துற நேரம், நான் அந்தக் குவியல் ஓரமா கை காய்ச்சிக்கிட்டு நின்னேன்.

அங்க ஆடும் வளர்த்தாங்க, சாப்பாட்டுக்கு. நான் சைவம்னு முதல்லயே எழுதித்தான் போனேன். ஆடு வெட்டுற அன்னைக்கு வீட்டுக்காரம்மா என்னைத் தூரமா இருந்த பூண்டுப் பாத்திக்கு அனுப்பிட்டாங்க. பூண்டை வருஷத்துலேயே பகல் குறைஞ்ச நாள்ல நடணும், பகல் நீண்ட நாள்ல எடுக்கணும்னு அங்க ஒரு வழக்கம். ஜூன்ல நட்டது டிசம்பர்லதான் வரும். நான் நட்டதை வேற யாரோ பறிப்பாங்க.

அதே குளிர்காலத்துல மாவோரி மக்களோட புத்தாண்டு, 'மத்தாரிக்கி'. 2022-லிருந்து அதுக்கு அரசாங்க விடுமுறை. பக்கத்து வீட்டு மாவோரிப் பாட்டி விடியறதுக்கு முன்னாடி எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டின நட்சத்திரக் கூட்டம் எதுன்னு நினைக்கிறீங்க? நம்ம கார்த்திகை. முருகனுக்குப் பால் கொடுத்த ஆறு தாய்மார். அவங்களுக்கு அது ஒரு தாயும் பிள்ளைகளும். அதுல ஒரு நட்சத்திரம் மண்ணுக்குள்ள விளையுற உணவுக்கு, ஒண்ணு நல்ல தண்ணிக்கு, ஒண்ணு கடலுக்கு. சமைச்ச உணவைத் திறந்து வெச்சு, மேல போற ஆவியை அந்த நட்சத்திரங்களுக்குப் படைக்கிறாங்க. நைவேத்தியம்தானே இது! எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, குளிர்னால மட்டும் இல்ல.

வெலிங்டன் நியூலண்ட்ஸ்ல குறிஞ்சிக் குமரன் கோவில் இருக்கு. ஒரு ஞாயிறு பஸ், ரயில், மறுபடி பஸ்னு பிடிச்சுப் போனேன். பையில நான் பறிச்ச ரெண்டு பூசணிக்காய். சமையல்கட்டுல கொடுத்தப்போ அங்கிருந்த ஐயா ஒண்ணும் கேட்காம வாங்கிக்கிட்டார். எத்தனையோ வருஷம் அன்னதானத்துக்குப் பசார்ல வந்த காயை நறுக்கியிருக்கேன். என் கையால விளைஞ்சது ஒண்ணு சாமி வாசலுக்குப் போனது அன்னைக்குத்தான்.

பாட்டிக்கு அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினேன். அவங்க சொன்னது: "முப்பது வருஷம் பால் வெட்டினேன். அந்த மரத்துல என்னாத்த திங்கிறது? லயத்துக்குப் பின்னால நாலு கத்திரி, ஒரு முருங்கை வெச்சிருந்தேன். மாரியம்மன் திருநாளுக்கு மொதக் காய் அதுலேருந்துதான் போகும்." அந்தச் செடிகளைப் பத்தி அவங்க பேசி நான் கேட்டதே இல்லை. வேலைன்னா பெரட்டு, தண்டல், கிராணி இதையேதான் சொல்வாங்க. அன்னைக்கு அரை மணி நேரம் கத்திரிக்குச் சாம்பல் தூவுறதைப் பத்தியே பேசினாங்க. இன்னமும் நான் போனது சரின்னு சொல்லல. ஆனா வந்ததும் வாசல்ல தொட்டி வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்காங்க.

போக நினைக்கிற தம்பி தங்கைகளே, முக்கியமா பெண் பிள்ளைகளே: அந்தப் பண்ணையைப் பத்தி முன்னாடி தங்கினவங்க எழுதினதைப் படிக்காமக் கிளம்பாதீங்க. பிடிக்கலைன்னா மறுநாளே புறப்பட, கையில தனியா காசு வெச்சுக்கோங்க. இன்சூரன்ஸ் எடுங்க. சந்தேகம் இருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மட்டும் வேண்டாம், மடப்பள்ளியில இருப்பேன்.