கப்பல்களின் கடைசித் துறை

குஜராத்தின் அலங் கடற்கரையில் உலக வர்த்தகம் தன் பழைய இரும்பைக் கரையேற்றுகிறது. பிழைப்பும் ஆபத்தும் ஒரே அலையில் வந்து சேர்கின்றன.

பாவ்நகரிலிருந்து தலாஜா நெடுஞ்சாலையில் தெற்கே போனால் திராபஜ் என்ற ஊர் வருகிறது. அங்கிருந்து கடலை நோக்கிப் பிரியும் சாலையில், கடல் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே கப்பல் வந்துவிடுகிறது, துண்டு துண்டாக. இருபுறமும் வரிசையாகக் கடைகள். ஒரு கடையில் கதவுகள் மட்டும். இன்னொன்றில் மெத்தைகள், கூரை உயரத்துக்கு. அடுத்ததில் சமையலறை மேஜைகள், பிரிட்ஜ்கள், சோபாக்கள், கழிவறைப் பீங்கான்கள், உடற்பயிற்சி எந்திரங்கள். ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகுகள் வெயிலில் கவிழ்ந்து கிடக்கின்றன. கட்டுக்கட்டாக லைஃப் ஜாக்கெட்டுகள். ஓட்டல்காரர்கள் வருகிறார்கள். பெண்ணுக்குச் சீர் வாங்க வரும் குடும்பங்களும் வருகின்றன.

கனமான வெள்ளைக் கோப்பை ஒன்றை எடுத்துப் பார்க்கிறேன். பாதி அழிந்த ஒரு நங்கூரச் சின்னம். எந்தக் கப்பலுடையது என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிக்கிறார். கப்பலின் பெயர் அவருக்கு எதற்கு? மொத்தமாக ஏலம் எடுத்தார், சில்லறையில் விற்கிறார். கோப்பையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்.

சாலை முடியும் இடத்தில் காவலாளி நிற்கிறார். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். காமிராவைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. 1997ல் அமெரிக்காவின் 'பால்டிமோர் சன்' நாளிதழ் இந்தக் கரையைப் பற்றியும் எழுதிய தொடருக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அலங்கின் பெயர் உலகெங்கும் பரவியது, ஆனால் யாரும் விரும்பும் விதத்தில் அல்ல.

காவலைத் தாண்டினால் சுமார் 10 கி.மீ. நீளத்துக்குச் சேறு கலந்த கரை. அதில் தலையை நுழைத்தபடி வரிசையாகக் கப்பல்கள். சிலவற்றுக்கு முன்பாதி இல்லை. சிலவற்றின் வயிறு திறந்து, அடுக்கு மாடி வீட்டைக் கத்தியால் வெட்டியது போல உள்ளறைகள் தெரிகின்றன.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது மனிதர்கள் என்பதைவிடக் கடல் என்பதே சரி. காம்பே வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் இங்கே சுமார் 10 மீட்டர். நம் ஊர்க் கரைகளில் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. அமாவாசையை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் உச்சத்தைத் தொடும்போது, கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டுகிறார்கள். அதன் ஆயுளில் கடைசி ஓட்டம் அதுதான். கடல் வற்றும்போது பல்லாயிரம் டன் கப்பல் தரையில் நிற்கிறது. உலர்துறை வேண்டாம், ராட்சத கிரேன் வேண்டாம். இந்தச் சலுகையை இயற்கை இலவசமாகத் தருகிறது. 1983ல் முதல் கப்பல் இப்படி வந்து ஏறியது. பிறகு உலகின் மிகப் பெரிய கப்பல் உடைக்கும் தளங்களில் ஒன்றாக இது வளர்ந்தது.

உலக வர்த்தகச் சரக்கில், அளவைக் கணக்கிட்டால், 80 சதவீதத்துக்கும் மேல் கடல் வழியாகப் போகிறது. நம் சமையல் எண்ணெய், உரம், செல்போன், பெட்ரோல் எல்லாம் ஏதாவது ஒரு கட்டத்தில் கப்பலில் ஏறியவைதான். கப்பலுக்கு ஆயுள் 25, 30 வருடம். அதன் பிறகு இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், துருக்கி ஆகிய நாடுகளின் கரைகளில் ஒன்று. கப்பல் நிறுவனம் நேரடியாக இங்கே விற்பது அபூர்வம். நடுவில் ரொக்கத்துக்கு வாங்கும் தரகர் இருக்கிறார். பெயர் மாறுகிறது, சில சமயம் கொடியும் மாறுகிறது. கரை ஏறும் நேரத்தில் பழைய முதலாளியைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

பெயர் மாற்றத்துக்கு ஓர் உதாரணம். 1989ல் அலாஸ்காவில் பாறையில் மோதிக் கடலில் கச்சா எண்ணெயைக் கொட்டிய 'எக்ஸான் வால்டீஸ்' உலகத்தில் யாருக்கும் மறக்கவில்லை. அதே கப்பல் பல பெயர்கள் மாறி, 'ஓரியண்டல் நைஸ்டி' என்ற பெயரில் 2012ல் அலங் வந்து சேர்ந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், அனுமதி கிடைத்து, இங்கேயே உடைபட்டது. அலாஸ்காவின் அழுக்கைக் கழுவ ஆன செலவு பெரிது. கப்பலுக்கு ஈமக்கிரியை செய்தவர்கள் ஒரிசா, பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளிகள்.

கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு கட்டர் தொழிலாளி, யார்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். கேஸ் கட்டர் பிடிப்பவர் இங்கே கைத்தொழில்காரர். இரும்புத் துண்டு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்து வெட்டவேண்டும். அவருடைய கவலை ஆஸ்பெஸ்டாஸ் பற்றியது அல்ல. அடுத்த அமாவாசைக்குக் கப்பல் வருமா என்பதுதான். ஊருக்குப் பணம் அனுப்பவேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் அவர் யார்டு முதலாளியிடமும் இல்லை. உலகச் சந்தையில் இருக்கிறது. சரக்குக் கட்டணம் ஏறினால் கிழட்டுக் கப்பலும் கடலிலேயே ஓடுகிறது. அலங் காத்துக் கிடக்கிறது. கட்டணம் விழுந்தால் கப்பல்கள் க்யூவில் நிற்கின்றன. 2008ன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கே நல்ல காலம். 2011-12ல் மட்டும் 400க்கு மேற்பட்ட கப்பல்கள் வந்தன. கொரோனா காலத்தில் சுற்றுலாக் கப்பல்கள் வந்து ஏறின; கடைகளில் சோபாக்கள் நிறைந்தன. 2021ல் கண்டெய்னர் கட்டணம் விண்ணைத் தொட்டபோது கண்டெய்னர் கப்பல்களின் வரத்து குறைந்தது. உலக வர்த்தகத்துக்குக் காய்ச்சல் வந்தால் அலங்குக்கு விருந்து. உலகம் நலமாக இருந்தால் இங்கே அடுப்பு மந்தம்.

உடைத்த இரும்பு எங்கே போகிறது? லாரிகள் பாவ்நகர், சிஹோர் பக்கம் விரைகின்றன. அங்குள்ள ரோலிங் மில்களில் தகடுகள் கம்பிகளாகின்றன. சில உலைகளில் உருகி மறுபிறவி எடுக்கின்றன. கப்பலின் எடையில் பெரும்பகுதி மீண்டும் பயன்படும் இரும்புதான். ஒரு டன் பழைய இரும்பை மறுபடி உருக்கினால் சுமார் 1.4 டன் இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகின்றன என்பது உலக எஃகுச் சங்கத்தின் கணக்கு. சுரங்கம் தோண்டாமல், காடு அழிக்காமல் கிடைக்கும் இரும்பு. சுற்றுச்சூழல் பாடப் புத்தகத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதே பாடத்தின் அடுத்த பக்கம்தான் கசக்கிறது. பழைய கப்பலில் வெப்பம் தாங்க ஆஸ்பெஸ்டாஸ், மின் கம்பிகளில் பிசிபி ரசாயனம், பெயிண்டில் காரீயம், தொட்டிகளின் அடியில் எண்ணெய்ச் சகதி. வெட்டப்பட்ட பாகங்கள் விழும் கரையை நாளுக்கு இருமுறை கடல் கழுவிக்கொண்டு போகிறது. தொட்டியில் வாயு மிச்சமிருந்தால் ஒரு தீப்பொறி போதும். 2009 ஆகஸ்டில் ஒரு கப்பலில் பற்றிய தீயில் 6 தொழிலாளிகள் மாண்டார்கள். தீ உடனே கொல்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தூசி அவசரப்படுவதில்லை. நோய் வெளியே தெரிய 20, 30 வருடங்கள் ஆகும். அதற்குள் தொழிலாளி ஊர் திரும்பியிருப்பார். அவருடைய இருமலை அலங்கின் கணக்கில் யார் எழுதுவார்கள்?

ஒன்றும் மாறவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2003ல் உச்ச நீதிமன்றம் கப்பல் உடைப்புக்கு நிபந்தனைகள் விதித்தது. 2006 பிப்ரவரியில், ஆஸ்பெஸ்டாஸ் நிறைந்த 'கிளெமென்சோ' என்ற விமானந்தாங்கிக் கப்பல் அலங்கை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, எதிர்ப்பு வலுத்து, பிரெஞ்சு அதிபர் ஷிராக் அதைத் திருப்பி அழைத்தார். அது பிறகு இங்கிலாந்தில் உடைக்கப்பட்டது. ஆனால் அதே வருடம் 'ப்ளூ லேடி' என்ற பெயரில் வந்த இன்னொரு பிரெஞ்சுச் சீமாட்டி, ஒரு காலத்தில் 'பிரான்ஸ்' என்ற பெயரோடு அட்லாண்டிக்கைக் கடந்த சொகுசுக் கப்பல், 2007ல் நீதிமன்ற அனுமதி பெற்று இங்கேயே முடிந்தது.

2019ல் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இந்தியா ஹாங்காங் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. 2009ல் எழுதப்பட்ட அந்த உடன்படிக்கை அமலுக்கு வந்தது 2025 ஜூன் 26ல்தான். 16 வருடக் காத்திருப்பு. இனிக் கப்பல் தன்னுள் இருக்கும் அபாயப் பொருட்களின் பட்டியலோடு வரவேண்டும். யார்டு அதற்கேற்ற வசதியோடு இருக்கவேண்டும். பல யார்டுகளில் எண்ணெய் ஊறாத சிமெண்ட் தளமும் ஹெல்மெட்டும் பயிற்சியும் வந்துவிட்டன. கரையில் வைத்து உடைப்பதையே தடுக்கவில்லையே என்று சுற்றுச்சூழல்வாதிகள் குறை சொல்கிறார்கள். தடுத்தால் பிழைப்பு போகும் என்று யார்டுகள் சொல்கின்றன. இரண்டும் உண்மை.

இரண்டுக்கும் நடுவே ஒரு செலவு கிடக்கிறது. பத்திரமாக உடைக்கப் பணம் வேண்டும். அதைக் கப்பல் முதலாளி தரவேண்டும். தந்தால் பழைய கப்பலுக்குக் கிடைக்கும் விலை குறையும், அதை ஈடுகட்டச் சரக்குக் கட்டணம் சற்றே ஏறும், கடைசியில் நாம் வாங்கும் பொருளில் சில பைசாக்கள் கூடும். இப்போது அந்தப் பைசாக்கள் நம் பையில் இருக்கின்றன. அவற்றுக்கு ஈடான தூசி கஞ்சத்துக்காரரின் நெஞ்சில் இருக்கிறது.

2014ல் மும்பை தாருகானாவில் உடைபட்ட பழைய விக்ராந்த் போர்க்கப்பலின் உலோகத்தை வைத்து 2016ல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது; பலர் பெருமையோடு வாங்கினார்கள். அது விளம்பரம் செய்யப்பட்டது என்பதால் நமக்குத் தெரியும். வீட்டுத் தூணுக்குள் இருக்கும் கம்பிக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை. எந்தக் கடலில் ஓடியதோ, யார் வெட்டியதோ, நாம் அதன் மேல் கிரகப்பிரவேசம் செய்துவிட்டோம்.

மாலையில் கடல் ஏறத் தொடங்குகிறது. அரைகுறையாக நிற்கும் கப்பலின் உள்ளே தண்ணீர் புகும் சத்தம் கேட்கிறது. திரும்பும் வழியில் ஒரு கடையில், உயிர்காப்பு வளையங்களை அடுக்கி விளக்கேற்றியிருக்கிறார்கள். வேலை முடிந்த தொழிலாளிகள் அதைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போகிறார்கள்.