சைக்கோ என்று யாரைச் சொல்கிறோம்?

இளையாத்தங்குடியில் நாங்கள் நாலு பேர் கூடினால் சினிமாப் பேச்சு வராமல் போகாது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ பார்த்த பெரியவர்களும் ‘ராட்சசன்’ பார்த்த தம்பி தங்கைகளும் ஒன்றையே சொல்கிறார்கள்: “இப்பல்லாம் சைக்கோ கொலகாரனுங்க பெருகிட்டானுங்க.”

பெருகிவிட்டார்களா? தனித்தனிச் சம்பவங்களில் இரண்டு பேரையோ அதற்கு மேலோ கொன்றவரைத் தொடர் கொலையாளி என்கிறது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்த நாட்டிலேயே மொத்தக் கொலைகளில் இவர்கள் செய்வது 1 சதவீதத்துக்கும் குறைவு என்பது அதன் கணக்கு. பெருகியிருப்பவை படங்களும் யூடியூப் சேனல்களும்தான்.

1968 ஆகஸ்டில் பம்பாயில் ராமன் ராகவ் பிடிபட்டான். நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கிய ஏழைகளைக் கொன்றவன். அவன் பெயரிலேயே இந்திப் படம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்களை எவரும் சைக்கோ என்று சொல்லவில்லை. மிராசுதார் என்றே சொன்னார்கள்.

‘ராட்சசன்’ வந்தது 2018இல். அதே ஆண்டு மே 28 இரவு, நம் சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தத்தில் ஆதிக்க சாதிக் கும்பல் ஒன்று தலித்துகள் மூன்று பேரை வெட்டிக் கொன்றது. 2022 ஆகஸ்டில் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 27 பேருக்கும் ஒரே ராத்திரியில் புத்தி பேதலித்ததா?

தோழர்களே, ‘சைக்கோ’ என்ற சொல் ஊருக்கு வசதியானது. கொன்றவன் ஒருவன், அவன் மூளை கெட்டவன், நமக்குச் சம்பந்தமில்லை என்று கை கழுவிவிடலாம். சாதிக் கொலையில் அப்படிக் கழுவ முடியாது. அங்கே ஆட்கள் மாறுகிறார்கள், காரணம் மாறுவதில்லை.

சைக்கோ கொலை என்று பேசப்பட்ட வழக்குகளையும் உற்றுப் பாருங்கள். நொய்டாவின் நிதாரியில் பிள்ளைகளைக் காணோம் என்று ஏழைப் பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2006 டிசம்பரில் எலும்புகள் கிடைத்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. அந்த வழக்குகளில் இருவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனைகளை 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்து, விசாரணை நடந்த விதத்தையும் கண்டித்தது. அந்தப் பெற்றோருக்கு மிஞ்சியது என்ன?

தேடுவதற்கு ஆளில்லாதவர்கள் என்று சமூகம் யாரை ஒதுக்கி வைக்கிறதோ, அவர்களைக் கொல்வது எளிதாகிவிடுகிறது. ஆகவே நம் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என 2013இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நம் தெருப் பிள்ளை ஒன்றைக் காணவில்லையா? “ரெண்டு நாள் பாருங்க” என்ற பதிலோடு திரும்பாதீர்கள். பத்துப் பேராய்ப் போங்கள். புகாரின் நகலும் ரசீதும் கையில் வரும்வரை நில்லுங்கள்.

எங்கள் பெண்கள் இருட்டில் கண்மாய்க்கரை வழியே வரும்போது முகமூடிக்காரன் வருவானோ என்று பயப்படுவதில்லை. சாதிப் பேரைச் சொல்லி உறுமிக்கொண்டு வரும் பைக்குகளுக்கே பயப்படுகிறார்கள். அதில் வருகிறவர்களின் முகம் ஊருக்கே தெரியும்.