படகில் ஓர் ஒட்டு

பிறர் செய்த பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டிப் பழகிய கை, தான் செய்த பிழையை அறுத்தெடுக்க எளிதில் இசைவதில்லை. முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஆசிரியப் பணியாற்றிவரும் நான் இதை உணர்ந்தது என் வீட்டுக் கார் கொட்டகையில், கவிழ்த்து வைத்திருந்த ஒரு சிறு படகின் முன்னே.

பேராக் ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்கும் பாகான் டத்தோ வட்டாரத்தில், ஒரு தென்னந்தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். என் தந்தையார் தேங்காய் உரிக்கும் தொழிலாளி. தரையில் நட்ட கூரிய இரும்பில் நாள் முழுவதும் காய்களைக் குத்தி உரித்த கைகளோடு, மாலையில் தூண்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குச் செல்வார். நானும் மண்புழு டப்பாவைச் சுமந்து பின்னே நடப்பேன். வாய்க்காலில் அகப்படுபவை விரல் நீள மீன்களே. "பெரிய மீனெல்லாம் ஆத்துல கிடக்குது. நமக்குன்னு ஒரு படகு இருந்தா..." என்று தொடங்கும் அவருடைய வாக்கியத்தை அவர் ஒருநாளும் முடித்ததில்லை. ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டிய மனிதர், வாக்கியத்தை எப்படி முடிப்பார்?

2023ஆம் ஆண்டில் அவருக்கு வயது 82. இதயம் தளர்ந்துவிட்டது, கண்பார்வையும் மங்கிவிட்டது. ஒருநாள் மாலை, தொலைக்காட்சியில் ஆறொன்றைக் கண்டதும், "ஒருதடவை போய்ப் பாத்திருக்கலாம்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அந்தச் சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. விலைக்கு ஒரு படகு வாங்கியிருக்கலாம். ஆனால் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் பள்ளியின் தலைமையாசிரியனாகிய நான், என் கையால் ஒரு நாற்காலிகூடச் செய்ததில்லை. தந்தையாரின் படகை நானே கட்டுவதென்று முடிவு செய்தேன். அந்தத் தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டுமென்று நாளும் குறித்துக்கொண்டேன்.

நான் தேர்ந்த முறை, பலகைகளைத் தைத்து ஒட்டும் முறையாகும். இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்பவர் சிறு துடுப்புப் படகுகளுக்கு இதைக் கையாண்டார். 1962ஆம் ஆண்டில் பாரி பக்னெல் என்பவரும் ஜாக் ஹோல்ட் என்பவரும், எளிய குடும்பத்தாரும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுமாறு 'மிரர்' என்னும் பாய்ப்படகை இம்முறையில் வடிவமைத்தனர். மெல்லிய பிளைவுட் பலகைகளை வரைபடப்படி அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் சட்டைத் துணியைத் தைப்பதுபோல் தைக்க வேண்டும். உள்மூட்டுகளில் ரெசினும் தூளும் குழைத்த பசையைப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்ட வேண்டும். அது இறுகியபின் கம்பிகளை நீக்கிவிட்டு, படகைக் கவிழ்த்து, வெளிப்புறம் முழுவதையும் கண்ணாடியிழைத் துணியால் போர்த்தி ரெசினில் நனைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகையில், 7 அடி 9 அங்குல நீளத்தில் என் படகு உருப்பெற்றது.

ரெசின் என்பது தேன்போன்ற திரவம். ஹார்டனர் என்று கடைக்காரர் தரும் மற்றொரு திரவத்தைச் சில துளிகள் சேர்த்தால்தான் அது இறுகும். ஒரு கிலோகிராம் ரெசினுக்கு 10 முதல் 20 கிராம்வரை சேர்ப்பது வழக்கம். நம் நாட்டு வெப்பத்திற்கு அதில் குறைந்த அளவே போதும். மிகுதியாகச் சேர்த்தால் விரைவாக வேலை முடியுமென்று எண்ணிய நான், முதல்நாளே கை தாராளமாகக் கலந்தேன். சில நிமிடங்களில் குவளை கொதித்துப் புகைந்தது. தூரிகை உள்ளேயே சிக்கிக் கல்லாகிவிட்டது. அன்று ஒரு குவளைதான் போயிற்று என்று தேற்றிக்கொண்டேன். அவசரம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

அக்டோபர் மாதத்தில் மாலைதோறும் மழை. அத்தகைய ஒரு மாலையில், சாரல் பட்டு ஈரம் ஏறியிருந்த பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, அதன்மேல் கண்ணாடியிழையைப் போர்த்தினேன். வெண்ணிறத் துணி ரெசினில் நனைந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைய, அடியிலுள்ள மரத்தின் வரிகள் பளிச்சென்று தோன்றும். அக்காட்சியின் அழகில் நான் மெய்ம்மறந்தேன். மறுநாட்காலையில் பார்த்தபோது, அடிப்பாகத்தில் உள்ளங்கையளவு இடம் மட்டும் பால்போல் வெளுத்திருந்தது. அங்கே துணி மரத்தோடு ஒட்டவில்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆயினும், 'சிறிய இடந்தானே' என்று எனக்கு நானே சமாதானம் கூறி, அதன்மேல் சாம்பல் நிற அடிப்பூச்சைப் பூசினேன். வெளுப்பு மறைந்தது. படகு அழகாயிருந்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன். ரெசின் வாங்கச் சென்ற கடையில் என்னை அடையாளம் கண்டு, "ஒருநாள் வந்து பாக்குறேன், ஐயா" என்று சொல்லியிருந்தான். வந்தவன் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஐம்பது காசு நாணயத்தை எடுத்து, அடிப்பாகம் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தான். டக், டக், டக் என்று உறுதியாக ஒலித்துக்கொண்டு வந்த ஓசை, ஓரிடத்தில் மங்கி 'பொத்' என்றது. அவன் கை அங்கேயே நின்றது. பென்சிலை எடுத்து, தட்டித் தட்டி ஓர் எல்லைக்கோடு வரைந்தான். நான் மறைத்தது உள்ளங்கையளவு. அவன் வரைந்ததோ சாப்பாட்டுத் தட்டின் அளவு.

"வெட்டி எடுத்துடணும், ஐயா. தண்ணி உள்ள போச்சுன்னா பலகை ஊறிடும். வெளியே ஒண்ணும் தெரியாது. ஒருநாள் திடீர்னு விட்டுடும்."

"தீபாவளிக்குள் அப்பாவை அழைத்துப் போகலாமென்று இருந்தேனே, தம்பி. ஒருமுறை போய்வரத் தாங்காதா?"

அவன் பதில் சொல்லவில்லை. நாணயத்தை என் கையில் கொடுத்து, "நீங்களே தட்டிப் பாருங்க" என்றான். தட்டினேன். அதன்பின் எனக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

அன்று பிற்பகலே வெட்டினோம். கோட்டின்மேல் கத்தி இறங்கியதும், ஒட்டாத துணி ஒரு பழைய காலண்டர் தாள்போல் உரிந்து வந்தது. அடியில் பலகை கறுத்து ஈரமாயிருந்தது. அது முற்றும் உலர வேண்டும்; பின்னர் சுற்றோரத்தைச் சரிவாகத் தேய்த்து, சிறிய துண்டிலிருந்து பெரிய துண்டுவரை கண்ணாடியிழையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உடலெங்கும் கண்ணாடித்தூள் அரிக்க, முகமூடிக்குள் மூச்சு முட்ட, நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. இவன் ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் படித்தவன். ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க அவனுக்கு வராது. அவன் தேர்ச்சி அறிக்கையில், 'கைவேலை தவிர வேறெதிலும் நாட்டமில்லாதவன்' என்று என் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் அவன் தேறவில்லை. புகுமுக வகுப்பிற்குச் சென்று, மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். ஆறாண்டுகள் அவனை வகுப்பிலிருந்து வகுப்பிற்கு ஏற்றி அனுப்பியிருந்தோம். எந்த இடத்தில் எழுத்து அவனுள் ஒட்டாமல் போயிற்று என்று எங்களில் ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை. ஆண்டுக்கு ஒரு பூச்சு பூசி அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைத்தோம். கடைசிப் பூச்சு என்னுடையது.

"தம்பி, அந்தக் காலத்தில் உன் அறிக்கையில் நான் ஒன்று எழுதினேன்..." என்று தொடங்கினேன். அவன் குனிந்தபடியே, "அந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் தேய்ங்க, ஐயா" என்றான். அவனுக்கு அது நினைவில் இருந்ததா, இல்லையா என்பதை அவன் முகம் காட்டவில்லை. நான் தேய்த்தேன்.

தீபாவளி கடந்தது. நவம்பர் மாதத்தில் தந்தையாரை நான்கு நாள் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. கட்டிலருகே அமர்ந்திருந்த அந்த இரவுகளில், அவசரப்பட்டிருந்தால் இவரை ஒருமுறையேனும் ஆற்றுக்கு அழைத்துப் போயிருக்கலாமே என்று மனம் என்னைக் குத்தியது. அடுத்த கணமே, எப்படிப்பட்ட படகில் என்ற கேள்வியும் குத்தியது. நல்லவேளையாக அவர் வீடு திரும்பினார்.

2024ஆம் ஆண்டு பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அலை ஏறிய காலைநேரத்தில், அமைதியான ஓர் ஓடைமுகத்தில் படகை இறக்கினோம். இறக்குமுன் தந்தையார் கவிழ்ந்திருந்த படகை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண் காணாததைக் கை கண்டுவிட்டது.

"இங்க மட்டும் கொஞ்சம் தடிப்பா இருக்கே, தம்பி?"

"ஒட்டுப் போட்டிருக்கு, அப்பா."

"யார் போட்டது?"

"என் மாணவன். இதோ பக்கத்துல நிக்கிறான்."

"அப்ப சரி" என்றார்.

மிதவைச் சட்டை அணிவித்து அவரை நடுப்பலகையில் அமர்த்தினோம். நான் துடுப்பு வலித்தேன். அவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓடை ஆற்றோடு கலக்கும் இடம்வரை சென்றோம். தந்தையார் தூண்டிலைப் போட்டார். ஒரு கையை நீரில் விட்டபடி நெடுநேரம் பேசாதிருந்தார். அன்று மீன் ஒன்றும் அகப்படவில்லை. படகின் உள்ளே ஒரு துளி நீரும் கசியவில்லை. அதன்பின் அவர் நான்குமுறை அப்படகில் வந்தார். அவ்வாண்டு ஆவணி மாதத்தில் மறைந்தார்.

இப்பொழுது நாள்தோறும் காலையில், பள்ளி தொடங்குமுன், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் ஒருவரை என் அறைக்கு அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். சிவப்புப் பேனா மேசைமேல் இருப்பதில்லை. அந்த ஐம்பது காசு நாணயம் இருக்கிறது. வாசிப்பு ஓரிடத்தில் மங்கி நின்றால், அங்கிருந்து மீண்டும் தொடங்குகிறோம். இன்னும் ஐந்தாண்டுகளில் நான் ஓய்வு பெறுவேன். அதற்குள் எத்தனை பிள்ளைகளைக் கேட்டு முடிக்க இயலுமென்று கணக்கிட்டுப் பார்த்தேன், நாட்கள் போதா. ஆகவே, மற்ற ஆசிரியர்களையும் ஆளுக்கொரு பிள்ளையைக் கேட்கும்படி வேண்டிக்கொண்டிருக்கிறேன்.