வரைவில் இருந்த வரி

எழுதியதைச் செப்பம் செய்து படியெடுத்த பின், முதல் வரைவைக் கிழித்தெறிவது என் நெடுநாள் வழக்கமாக இருந்தது. அது குறித்து என்னை நாணச் செய்தது ஒரு சிறு மரப்பலகை. நூலகத்தில் ஓவியத் தொகுப்பு ஒன்றைப் புரட்டுகையில் அதன் படத்தைக் கண்டேன்.

இலண்டன் வைட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டப விதானத்திற்காக, பரோக் கால ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ் 1628-30 அளவில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய முன்வரைவு அது. ஒரு மீட்டர் உயரமும் இல்லாத அப்பலகையில், விதானத்தின் ஒன்பது ஓவியங்களுள் ஏழனுக்குரிய கருத்துகள் அடங்கியுள்ளன. நடுவே, மறைந்த மன்னர் முதலாம் ஜேம்ஸ் விண்ணுக்கு உயர்த்தப்படுகிறார். நீதி பெண்ணுருக் கொண்டு அவருக்குத் துணை நிற்கிறது. விரைந்த தூரிகைக் கோடுகளும் முடிவுறாத முகங்களுமே எங்கும். எனினும், ஓவியரின் எண்ணம் ஓடிய தடம் அங்கே உயிர்ப்புடன் விளங்குகிறது.

பெரிய ஓவியங்கள் ஆண்ட்வெர்ப் நகரில் முடிக்கப்பெற்று, 1636-இல் விதானத்தில் பொருத்தப்பட்டன. தீவட்டிப் புகை படியுமென அஞ்சி, மைந்தர் முதலாம் சார்லஸ் அம்மண்டபத்தில் இரவுக் கூத்துகளையே நிறுத்தினார். அவர் காத்த விதானம் அவரைக் காக்கவில்லை. 1649 ஜனவரி 30 அன்று, தந்தையின் விண்ணேற்றத்தின் கீழே நடந்து சென்றே, வெளியே அமைந்த கொலைமேடையை அடைந்தார். புகழுரை பொய்த்தது; கலைஞனின் உழைப்பு நின்றது.

இதனை அறிந்தபோது என் பழைய பிழையொன்று உறுத்தியது. பல்லாண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரிக்குத் துணைநின்ற பெரியவர் ஒருவர்க்கு வாழ்த்துமடல் எழுதினேன். சேர்க்கை நாள்களில், துணையின்றி வந்த சிற்றூர் மாணவர்க்கு அவர் தம் கையாலேயே விண்ணப்பம் நிரப்பித் தந்ததை முதல் வரைவில் குறித்திருந்தேன். ஓசை நயம் கருதி அவ்வரியை நீக்கி, 'கடலே, இமயமே' என அடுக்கினேன். மடல் கண்ணாடிச் சட்டத்துள் அவர் இல்லச் சுவரில் இடம் பெற்றது.

அவர் மறைந்தபின் பேரன் என் மாணவனானான். ஒருநாள் கேட்டான்: "ஐயா, மடலைப் பலமுறை படித்தேன். எங்கள் பாட்டனார் என்னதான் செய்தார்கள்?"

வாயால் சொன்னேன், கையில் கொடுக்க ஏடில்லை.

ரூபன்ஸின் அப்பலகையை 2008-இல் இலண்டன் டேட் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிப் பேணி வருகிறது. நானும் இப்போது வரைவுகளைக் கிழிப்பதில்லை. மாணவச் செல்வங்களே, செம்படி முடிந்ததும் முதல் வரைவை மீண்டும் ஒருமுறை படியுங்கள். நீக்கிய வரியில் மெய் இருக்குமானால், ஓசை சற்றுக் குறைந்தாலும் அதனை மீட்டெழுதுங்கள்.