இலைக்குப் போன உரம்

ஜீயபுரத்தில், காவிரியின் தென்கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே எங்களுக்குப் பத்து சென்ட் மேட்டு நிலம் உண்டு. அப்பா அதில் வெண்டை போடுவார். அவர் படுக்கையில் விழுந்த வருடம் பொறுப்பு என்னிடம் வந்தது.

தொழு உரம் அடிக்கப் பொறுமையில்லை. யூரியாவை அரை மூட்டை இறைத்தேன். சில நாட்களிலேயே செடி கரும்பச்சையாகி நிமிர்ந்தது. எனக்கும் கர்வம் நிமிர்ந்தது. ஆனால் நாற்பத்தைந்து நாளாகியும் பூவைக் காணோம். இலையடியில் தத்துப்பூச்சி அடைந்தது. காய் பேருக்குத்தான்.

ஓர் இலையைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலையவா தம்பி காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பப் போற?" என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி வெண்டைக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 40 கிலோ. அதில் பாதியை மணிச்சத்து 50, சாம்பல்சத்து 30 கிலோவோடு அடியுரமாகவும், மீதியை முப்பதாம் நாள் மேலுரமாகவும் இடவேண்டும். யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. ஆகப் பத்து சென்ட்டுக்கு மூன்றரைக் கிலோ யூரியா போதும். மிகையான தழைச்சத்து செடியை இலையிலேயே மயங்கவைத்துப் பூவைத் தள்ளிப்போடுகிறது.

ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலை வந்தது 1906இல். நூறாண்டுகளுக்கு மேலாக நம் மண் அறிந்த உப்புகள்தாம் இவை. குற்றம் உப்பில் இல்லை, கையில்.

அடுத்த பட்டத்தில் தொழு உரமிட்டு, மற்றதை அளந்து வைத்தேன். முதல் காயின் நுனியை அப்பா ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தார்.